அப்பா 'ஏ', அம்மா 'பி', குழந்தை 'ஓ' பாசிட்டிவ்... சந்தேகம் வேண்டாம்!

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், இருங்காட்டுக்கோட்டை சிப்காட் பக்கம் ஷிப்ட் பஸ்சில் ஏறுபவர்களின் கழுத்தைப் பார்த்தால் தெரியும். அடையாள அட்டையில் போட்டோ, பெயருக்குக் கீழே ரத்தப்பிரிவும் அச்சாகி இருக்கும். விபத்து நடந்தால் உதவட்டும் என்று போட்ட அந்த எழுத்து, சில வீடுகளில் வேறு மாதிரி வேலை பார்த்து விடுகிறது. "எனக்கு ஏ, உனக்கு பி. பிள்ளைக்கு மட்டும் எப்படிடி ஓ வந்துச்சு?" என்று புருஷன் கேட்டால் அந்த வீட்டில் அன்றைக்கு அடுப்பு எரியாது.

ஆனால் 'ஏ'வுக்கும் 'பி'க்கும் 'ஓ' பிள்ளை பிறப்பது சர்வ சாதாரணம்.

ரத்தப்பிரிவுக்கு ஒவ்வொருவரிடமும் 2 மரபணு இருக்கும். ஒன்று அப்பா கொடுத்தது, இன்னொன்று அம்மா கொடுத்தது. 'ஏ' என்பதும் 'பி' என்பதும் சிவப்பணு மேல் ஒட்டியிருக்கும் ஒருவித சர்க்கரை. 'ஓ' வெறுங்கை, எதையும் ஒட்டாது. அதனால் 'ஏ'வும் 'ஓ'வும் உள்ளவருக்கு ரிப்போர்ட்டில் 'ஏ' என்றுதான் வரும். 'ஓ' உள்ளுக்குள் பதுங்கி இருக்கும். இப்படிப் பதுங்கிய 'ஓ' புருஷனிடம் ஒன்று, பெண்டாட்டியிடம் ஒன்று இருந்தால் இரண்டும் சேர்ந்து 'ஓ' குழந்தை பிறக்கும். அதே தம்பதிக்கு ஏ, பி, ஏபி, ஓ என நான்கு வகையிலும் பிள்ளைகள் பிறக்கலாம்.

'ஏ'வும் 'பி'யும் ஒரே ஆளிடம் சேர்ந்தால்? ஒன்றை ஒன்று அமுக்குவதில்லை. இரண்டும் முழுசாகத் தலைகாட்டும். அதுதான் 'ஏபி'. பாடப்புத்தகத்தில் இதற்கு 'இணை ஓங்குத்தன்மை' என்று பெயர். கறுப்பும் வெள்ளையும் கலந்து சாம்பல் ஆவது போல அல்ல இது. கறுப்பு இறகும் வெள்ளை இறகும் சேர்ந்தே முளைத்த கோழி மாதிரி.

ஒருவர் ஏபி, இன்னொருவர் ஓ என்றால் பிள்ளைக்கு ஏ அல்லது பி வரும். பெற்றோரில் யாருடைய பிரிவும் பிள்ளைக்கு இருக்காது! இதுவும் சண்டைக்கு இழுக்கும் கணக்குதான்.

சரி, ஏபி அப்பாவுக்கு ஓ பிள்ளை என்று ரிப்போர்ட் வந்தால்? முதலில் அட்டையைத்தான் சந்தேகப்பட வேண்டும். வேலைக்குச் சேரும்போது வாயால் சொன்னதை அப்படியே அச்சடித்த அட்டைகளும் உண்டு. பிறந்த குழந்தைக்கு எடுத்த சோதனையையும் பிறகு ஒருமுறை எடுத்துப் பார்ப்பது நல்லது. பிறந்த புதிதில் அந்தச் சர்க்கரை முழு பலத்தில் இருக்காது.

அபூர்வமாக இன்னொரு காரணமும் உண்டு. 1952-ல் டாக்டர் ஒய்.எம்.பெண்டே குழுவினர் பம்பாயில் கண்டுபிடித்த 'பம்பாய் ரத்தம்'. ஏ, பி சர்க்கரைகள் ஒட்டுவதற்கு அடியில் 'எச்' என்று ஒன்று வேண்டும். அது இல்லாதவருக்கு ஏ, பி மரபணு இருந்தாலும் சாதாரண சோதனையில் 'ஓ' என்றே காட்டும். இந்தியாவில் சுமார் 10 ஆயிரம் பேரில் ஒருவருக்கு இருக்கிறது. இவர்களுக்கு ஓ ரத்தமும் ஏற்றக் கூடாது, ஏற்றினால் உயிருக்கே ஆபத்து.

கோர்ட்டும் இந்த விஷயத்தில் கறார்தான். குழந்தை தன்னுடையது இல்லை, ரத்தப்பிரிவு சோதனை எடுங்கள் என்று மேற்கு வங்கத்துக்காரர் ஒருவர் போட்ட வழக்கில், கேட்டவுடன் அப்படி உத்தரவு போட முடியாது என்று 1993-ல் சுப்ரீம் கோர்ட்டு கைவிரித்தது. 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய சாட்சிய சட்டத்தின் 116-வது பிரிவும், திருமண பந்தத்தில் பிறந்த குழந்தை புருஷனுடையது என்றே எடுத்துக்கொள்கிறது. அந்தச் சமயத்தில் இருவரும் சேர்ந்திருக்க வாய்ப்பே இல்லை என்று நிரூபித்தால் மட்டும் விதிவிலக்கு.

ஆஸ்பத்திரியில் ரத்தம் ஏற்றும்போதும் கழுத்து அட்டையை நம்புவதில்லை. புதிதாக ரத்தம் எடுத்து, பிரிவு பார்த்து, ஏற்றப்போகும் ரத்தத்தோடு சேர்த்துச் சோதித்த பிறகே பாட்டிலை மாட்டுகிறார்கள்.