இரண்டு டிஸ்க் இருந்தால் போதுமா?

போன நவம்பரில் ஒரு சனிக்கிழமை காலை. ஃப்ரீமான்ட் வீட்டில் கம்ப்யூட்டரைப் போட்டால் ஒரு ஃபைலும் திறக்கவில்லை. பணம் கட்டினால்தான் பூட்டைத் திறப்போம் என்று திரையில் ஒரு மிரட்டல். முந்தின நாள் இலவச கேம் என்று மகள் எதையோ இறக்கியிருந்தாள். அவளைத் திட்டிப் பயனில்லை. என் லாகினை அவளிடம் கொடுத்தது நான்தான்.

அதில்தான் அப்பத்தா சொன்ன கதைகள் இருந்தன. மதுரைக்குப் போகும்போதெல்லாம் பதிவு செய்தவை, மொத்தம் 40. அப்பத்தா செப்டம்பரில் தவறிப்போனார். அதிலிருந்து மகள் அந்தக் குரலைக் கேட்டுத்தான் தூங்குகிறாள்.

எடிசனில் இருக்கும் அப்பாவுக்குப் போன் செய்தேன். "ரெண்டு டிஸ்க் போட்டிருக்கேன்னியேம்மா, இன்னொண்ணுல இருக்கும்ல?" என்றார்.

நம்மில் பலர் அப்படித்தான் நினைக்கிறோம். என் கம்ப்யூட்டரில் இருந்தது 'மிரர்' அமைப்பு, அதாவது ரெய்டு 1. 1988இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி காட்ஸ் மூவரும் எழுதிய கட்டுரையில்தான் ரெய்டு என்ற பெயர் வந்தது. ஒரு டிஸ்க் செத்தாலும் வேலை நிற்கக்கூடாது என்பதுதான் மிரரின் நோக்கம். ஒன்றில் எழுதுவது அப்போதே மற்றதிலும் எழுதப்படும்; அழிப்பதும் அப்படியே. முகத்தில் கரி பூசிக்கொண்டால் கண்ணாடியிலும் கரிதான் தெரியும்.

என்னைக் காப்பாற்றியது பீரோவில் கழற்றி வைத்திருந்த ஒரு டிரைவ். மே மாதம் முழு சிஸ்டத்தையும் அதில் பேக்கப் எடுத்திருந்தேன். ஆனால் அதிலிருந்து ஒரு தடவைகூட ரீஸ்டோர் செய்து பார்த்ததில்லை.

பழைய டிஸ்க் இரண்டையும் அழிக்காமல் கழற்றி எடுத்து வைத்தேன். ரீஸ்டோர் சொதப்பினால் கையில் ஏதாவது மிஞ்ச வேண்டுமே! அதே அளவில் இரண்டு புது டிஸ்க் வாங்கி, பயாஸில் முதலில் மிரரை உருவாக்கினேன். பிறகு வேறொரு கம்ப்யூட்டரில் தயாரித்த ரெஸ்க்யூ யூஎஸ்பியிலிருந்து பூட் செய்தேன்.

அங்கேதான் மாட்டிக்கொண்டேன். ஒரே டிஸ்க்காகத் தெரிய வேண்டியது இரண்டு தனித்தனி டிஸ்க்காகத் தெரிந்தது. அவசரப்பட்டு ஒன்றில் மட்டும் ரீஸ்டோர் செய்திருந்தால் இரண்டிலும் வேறு வேறு விஷயம் இருந்திருக்கும், மிரரே குலைந்திருக்கும். மதர்போர்டு நிறுவனத்தின் ரெய்டு டிரைவரை யூஎஸ்பியில் ஏற்றிக் கொடுத்த பிறகுதான் இரண்டும் ஒன்றாகத் தெரிந்தன. ரீஸ்டோரைத் தட்டிவிட்டுப் படுத்தேன். விடிந்ததும் கம்ப்யூட்டர் ஒழுங்காக பூட் ஆனது.

39 கதைகள் திரும்பி வந்தன. ஜூலையில் கடைசியாகப் பதிவு செய்தது வரவில்லை. மே மாதத்துக்குப் பிறகு நான் பேக்கப் எடுக்கவே இல்லை. இடம் இல்லை என்று போனிலிருந்தும் அழித்திருந்தேன். "பரவாயில்லம்மா" என்றார் அப்பா. கொஞ்ச நேரம் வேறெதுவும் பேசவில்லை.

பெரிய இடங்களிலும் இது நடந்திருக்கிறது. 1998இல், அப்போது இங்கே ரிச்மண்டில் இருந்த பிக்சாரில், 'டாய் ஸ்டோரி 2' படத்தின் பெரும்பகுதி ஒரு தவறான கட்டளையால் அழிந்தது. பேக்கப்பைத் திறந்தால் அது சரியாக வேலை செய்திருக்கவில்லை. கைக்குழந்தையோடு வீட்டிலிருந்து வேலை பார்த்த கேலின் சஸ்மனிடம் ஒரு பிரதி இருந்தது. அந்தக் கம்ப்யூட்டரைப் போர்வையில் சுற்றிக் காரில் கொண்டுவந்தார்கள். படம் பிழைத்தது.

இப்போது எங்கள் வீட்டில் மூன்று பிரதிகள்: கம்ப்யூட்டரில் ஒன்று, பீரோவில் கழற்றி வைத்தது ஒன்று, எடிசனில் அப்பாவிடம் ஒன்று. மாதம் ஒருமுறை பேக்கப். மகளுக்குத் தனி லாகின்.

உங்கள் வீட்டிலும் தாத்தா பாட்டி குரல் எங்காவது இருக்கும். இந்த வார இறுதியில் பேக்கப்பிலிருந்து ஒரு ஃபோல்டரையாவது வேறிடத்தில் ரீஸ்டோர் செய்து, திறந்து கேட்டுப் பாருங்கள். அது ஓடினால்தான் உங்களிடம் பேக்கப் இருக்கிறது என்று அர்த்தம்.