எண்ணிக்கை சரி, எல்லை?

2006 சட்டமன்றத் தேர்தலில் தனித்துக் களமிறங்கிய தேமுதிகவுக்கு மாநிலம் முழுக்க 8 சதவீதத்துக்கும் மேல் ஓட்டு விழுந்தது. கிடைத்த இடம் ஒன்றே ஒன்று: விருத்தாசலம். விஜயகாந்த் வென்ற அந்தத் தொகுதியின் பெயர் இன்றும் இருக்கிறது. அதைச் சுற்றியிருந்த வரைபடம்தான் அடுத்த இரண்டே ஆண்டுகளில் மாறிப்போனது.

நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான ஆணையம் செய்த தொகுதி மறுவரையறை 2008 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. கடலூர் மாவட்டத்தில் மங்களூர் தனித்தொகுதி மறைந்து திட்டக்குடி வந்தது. நெல்லிக்குப்பம் போனது, நெய்வேலி புதிதாக உருவானது. அதுவரை சிதம்பரம் எம்.பி.யைத் தேர்ந்தெடுத்துவந்த விருத்தாசலத்துக்காரர்கள் 2009 முதல் கடலூர் எம்.பி.யைத் தேர்ந்தெடுக்கிறார்கள். சிதம்பரம் தொகுதியோ வெள்ளாற்றைத் தாண்டி அரியலூர், ஜெயங்கொண்டம், குன்னம் வரை நீண்டு மூன்று மாவட்டங்களில் கால் பதித்தது. சிதம்பரத்தில் போட்டியிடும் வேட்பாளர் மனுத்தாக்கல் செய்வது இன்று அரியலூர் ஆட்சியர் அலுவலகத்தில்.

ஒரு கோட்டை நகர்த்துவதால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்கள் விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையை நினைத்துப் பார்க்கட்டும். பொம்மை, அகல்விளக்கு, மின் இணைப்புக்கான ஃபியூஸ் கேரியர் என்று செய்து பிழைக்கும் சிறு பட்டறைகளின் இடம் அது. மின்கட்டணத்துக்கும் களிமண் எடுக்கும் அனுமதிக்கும் சென்னையை நம்பவேண்டும்; ஜிஎஸ்டிக்கும் இறக்குமதிப் போட்டிக்கும் டெல்லியை. சூளை வைத்திருப்பவர் ஒரு எம்.பி.யிடம் பல வருடம் மனு கொடுத்து, தொழிலின் கஷ்டத்தைப் புரியவைத்து, ஒரு வழியாக அவர் அவையில் பேசும் நிலை வரும்போது தொகுதியே மாறிவிட்டால், எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கவேண்டும். கூடவே இன்னொன்றும் மாறியது. சிதம்பரம் தனித்தொகுதி, கடலூர் பொதுத்தொகுதி. விருத்தாசலத்துத் தலித் வாக்காளருக்கு அந்த மாற்றத்தால் லாபமா நஷ்டமா என்பது ஊரறியப் பேசப்பட வேண்டிய கேள்வி.

இப்போது மறுவரையறை என்றாலே நாம் பேசுவது எண்ணிக்கையைப் பற்றி. அதற்கு முழு நியாயம் இருக்கிறது. 1961 கணக்கெடுப்பை வைத்துச் செய்த பங்கீட்டில் நம் மக்களவை இடங்கள் 41-லிருந்து 39 ஆகக் குறைந்தன. 1976-ல் 42-வது அரசியல் சட்டத் திருத்தம் மாநிலங்களுக்கான இடங்களை 1971 மக்கள்தொகைப்படி நிறுத்திவைத்தது. 2026-க்குப் பிறகு எடுக்கப்படும் முதல் கணக்கெடுப்பு வெளியாகும்வரை அதை நீட்டித்தது 84-வது திருத்தம். 2011 கணக்குப்படி தமிழ்நாட்டில் ஒரு எம்.பி.க்குச் சுமார் 18.5 லட்சம் பேர். உத்தரப்பிரதேசத்தில் சுமார் 25 லட்சம் பேர். தலைக்கணக்கு மட்டுமே பார்த்தால் அங்கே இடம் கூடத்தான் செய்யும். ஆனால் குடும்பக் கட்டுப்பாட்டை அரசு சொன்னபடி நிறைவேற்றிய மாநிலம் அதற்காகவே குரல் இழப்பது அநீதி. 2025 மார்ச் 22-ல் சென்னையில் கேரள, தெலங்கானா, பஞ்சாப் முதல்வர்களும் கர்நாடகத் துணை முதல்வரும் முதல்வர் ஸ்டாலினுடன் அமர்ந்து, இன்னும் 25 ஆண்டுகள் இந்த நிறுத்தம் தொடரவேண்டும் என்று கேட்டது அதனால்தான்.

என் கவலை அதற்கு அடுத்த படியில் இருக்கிறது. எண்ணிக்கை அப்படியே இருந்தாலும் எல்லையை வைத்து ஒரு சமூகத்தின் குரலைக் குறைக்கமுடியும். அசாமில் 2023-ல் நடந்த மறுவரையறையில் சட்டமன்ற இடங்கள் 126, மக்களவை இடங்கள் 14 என எதுவும் மாறவில்லை. ஆனால் புதிய நிர்வாக அலகுகளை உருவாக்கத் தேர்தல் ஆணையம் விதித்த தடை தொடங்குவதற்கு முந்தைய நாள், 2022 டிசம்பர் 31 அன்று, மாநில அரசு நான்கு மாவட்டங்களைப் பக்கத்து மாவட்டங்களோடு சேர்த்தது. வரைபடம் வந்ததும் எதிர்க்கட்சிகள் உச்ச நீதிமன்றத்துக்குப் போயின. இடம் கூடினாலும் இதே சிக்கல்தான்: ஜம்மு காஷ்மீரில் 2022-ல் ஏழு சட்டமன்ற இடங்கள் கூடின. ஜம்முவுக்கு ஆறு, அதைவிட மக்கள்தொகை அதிகமுள்ள காஷ்மீருக்கு ஒன்று.

2008-ல் தமிழ்நாட்டில் நடந்ததும் அசாமைப் போன்ற வேலைதான்: 234-ம் 39-ம் அப்படியே இருக்க, உள்ளே எல்லாம் கலைத்து அடுக்கப்பட்டது. 2001 மக்கள்தொகையான 6.24 கோடியை 234-ஆல் வகுத்தால் தொகுதிக்கு ஏறக்குறைய 2.67 லட்சம் பேர். அந்த எண்ணுக்குப் பொருந்தும்படி பிர்காக்களும் ஊராட்சிகளும் அங்குமிங்கும் மாற்றப்பட்டன. அதிகாரம் ஆணையத்தின் மூன்று உறுப்பினர்களிடம்: ஓய்வுபெற்ற அல்லது பதவியிலுள்ள உச்ச நீதிமன்ற நீதிபதி ஒருவர், தேர்தல் ஆணையர், மாநிலத் தேர்தல் ஆணையர். துணைக்கு மாநிலம் முழுமைக்கும் ஐந்து எம்.பி., ஐந்து எம்.எல்.ஏ.; அவர்கள் கருத்துச் சொல்லலாம், ஓட்டுரிமை கிடையாது. விருத்தாசலத்து மணிமுத்தாற்றங்கரை ஊராட்சிக்கு எந்த ஊர்ச் சந்தை பக்கம், எங்கே பஸ் போகும் என்பதெல்லாம் இந்தப் பத்துப் பேருக்குள் யாருக்குத் தெரியும்? இறுதி ஆணை வந்துவிட்டால் அது சட்டத்துக்குச் சமம். அரசியல் சட்டத்தின் 329-வது பிரிவு நீதிமன்றக் கதவை ஏறக்குறைய மூடிவிடுகிறது.

மக்களுக்கு இருக்கும் ஒரே வாசல் வரைவு வெளியாகும் நாட்கள்தான். அரசிதழில் வரைவை வெளியிட்டு, ஆட்சேபம் வாங்கி, பொது விசாரணை நடத்தியாகவேண்டும். ஆனால் அந்த விசாரணையை மாநிலத்தில் ஒரே ஒரு ஊரில் நடத்தினாலும் போதும் என்றுதான் 2002 மறுவரையறைச் சட்டம் சொன்னது. கூலியை விட்டுவிட்டுச் சூளைத் தொழிலாளி எந்த ஊருக்குப் போய்ப் பேசுவார்? வருகிற சட்டத்திலாவது மாவட்டத்துக்கு ஒரு விசாரணை கட்டாயம் என்ற விதி வேண்டும். கடலூர் போன்ற பெரிய மாவட்டத்தில் விருத்தாசலத்திலும் ஒன்று நடக்கவேண்டும். வரைவு தமிழில், ஊராட்சிப் பெயர்களோடு, கிராம நிர்வாக அலுவலகச் சுவரில் ஒட்டப்படவேண்டும். எண்ணிக்கைக்காக டெல்லியோடு போராடும் கட்சிகள் இதையும் தங்கள் கோரிக்கையில் சேர்க்கட்டும்.

அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் 1-ஐக் கணக்கு நாளாக மத்திய அரசு அறிவித்திருக்கிறது. மறுவரையறை வரைவு எப்போது வந்தாலும், தொழிற்பேட்டை சங்கமும் வணிகர் சங்கமும் ஊராட்சி மன்றங்களும் கிராமசபைத் தீர்மானத்தையும் வரைபடத்தையும் கையில் வைத்துக்கொண்டு காத்திருங்கள். உங்கள் ஊர்ப் பெயர் எந்தத் தொகுதியின் கீழ் அச்சாகியிருக்கிறது என்று பாருங்கள். பிடிக்கவில்லையென்றால் கெடு முடிவதற்குள் எழுதிக் கொடுங்கள்.