பரண் எல்பியா, 4,000 ரூபாய் ரெக்கார்டா: எது நல்லா கேட்கும்?

என்னோட தப்புலேருந்தே ஆரம்பிக்கிறேன்.

ஸ்ரீரங்கம் சித்திரை வீதியில் தாத்தா வீட்டைக் காலி செய்தபோது, பரணில் ஒரு டிரங்குப் பெட்டி நிறைய இசைத்தட்டுகள் கிடைத்தன. எம்.எஸ். பாடி 1963-இல் ஹெச்எம்வி வெளியிட்ட வேங்கடேச சுப்ரபாதமும் அதில் இருந்தது. உறையின் பின்பக்கம் தாத்தா வாங்கிய தேதியை இங்க் பேனாவால் எழுதி வைத்திருந்தார்.

சம்பளம் வந்த மறுநாளே 4,500 ரூபாய்க்கு ஒரு சூட்கேஸ் பிளேயர் ஆர்டர் போட்டேன். தினமும் காலையில் சுப்ரபாதம்தான். மூணு மாசத்தில் 'ஸ' வரும் இடமெல்லாம் 'ஷ்ஷ்' என்று பிசிற ஆரம்பித்தது. நண்பன் வீட்டு நல்ல பிளேயரில் போட்டுப் பார்த்தேன். அங்கேயும் அதே பிசிறு. அப்போதுதான் புரிந்தது, கெட்டுப்போனது தட்டு.

எல்பிக்கு முள்ளின் அழுத்தம் 2 முதல் 3 கிராம் இருந்தால் போதும். மலிவான சூட்கேஸ் பிளேயர்கள் பலவற்றில் அது 5 கிராமைத் தாண்டும். உழுத முள்ளும் சேர்ந்தால் தட்டின் பள்ளம் தேய்ந்துவிடும். அதைத் திரும்பச் சரிசெய்ய முடியாது.

வினைல் பக்கம் உங்களுக்கு ஆசை வந்திருந்தால், கார்டைத் தேய்க்கும் முன் ஒரு அஞ்சு நிமிஷம் இதைப் படிச்சிடுங்க.

விலை ஏன் சத்தத்தைச் சொல்லாது?

ரெக்கார்டு விலையைத் தீர்மானிப்பது பெரும்பாலும் அது எவ்வளவு அரிது என்பதுதான். ஓடாத படத்தின் பாட்டுத் தட்டு குறைவாக அச்சானது, அதனால் இன்று விலை அதிகம். வீட்டுக்கு வீடு இருந்த சுப்ரபாதம் சில நூறு ரூபாய்க்கே கிடைக்கும். இதில் சத்தத்துக்கு எந்தப் பங்கும் இல்லை.

'180 கிராம்' ஸ்டிக்கரும் அப்படித்தான். கனமான தட்டு சுலபமாக வளையாது, அது உண்மை. ஆனால் பாட்டு இருப்பது மேற்பரப்பில் உள்ள பள்ளத்தில்.

'முதல் அச்சுதான் பெஸ்ட்' என்பதும் எப்போதும் சரியில்லை. மைல்ஸ் டேவிஸின் 1959 ஜாஸ் ஆல்பம் 'கைண்ட் ஆஃப் ப்ளூ'வைப் பாருங்க. ஒலிப்பதிவு நாடா ஓடிய வேகத்தில் இருந்த பிசகால் முதல் பக்கம் முழுக்க சுருதி கொஞ்சம் ஏறியே பல வருஷம் விற்பனையானது. 1990-களின் மறுபதிப்புகளில்தான் சரிசெய்தார்கள்.

நல்ல சத்தத்துக்கு மூணு விஷயம் வேணும்: கவனமாகச் செதுக்கிய அச்சு, தேயாத பள்ளம், சரியான முள். மூணில் ஒண்ணு குறைந்தாலும் மற்ற ரெண்டுக்கும் கொடுத்த காசு வீண்.

எந்த இசைக்கு எதைப் பார்க்கணும்?

கர்நாடக இசையில் மௌனம்தான் சோதனை. லால்குடி ஜெயராமன், என். ரமணி, ஆர். வெங்கட்ராமன் மூவரும் சேர்ந்து வாசித்த வயலின்–வேணு–வீணை எல்பி மாதிரியான தட்டில், ஸ்வரத்துக்கும் ஸ்வரத்துக்கும் நடுவே வரும் 'பட்பட்' பளிச்சென்று தெரியும். இங்கே அரிய அச்சைத் தேடாதீங்க, சுத்தமான பிரதியைத் தேடுங்க.

நாதஸ்வரம் நேர்மாறு. ஸ்ரீரங்கத்தில் குடியேறி வாழ்ந்த ஷேக் சின்ன மௌலானாவின் வாசிப்பை நினைத்துப் பாருங்க. அந்தப் பெருஞ்சத்தத்தில் சின்னக் கீறல்கள் மறைந்துவிடும், ஆனால் தேய்மானம் கரகரப்பாக வெளியே வரும். அதனால் பக்கத்தின் கடைசிப் பகுதியைப் போட்டுக் கேளுங்க. 12 அங்குல எல்பியின் வெளி ஓரத்தில் முள்ளுக்குக் கீழே நொடிக்கு சுமார் 50 செ.மீ. பள்ளம் ஓடும். உள்ளே லேபிள் அருகில் அது 21 செ.மீ. அளவுக்குக் குறையும். அதே பாட்டைக் குறைந்த இடத்தில் நெருக்கிப் பதிவதால், குறை இருந்தால் முதலில் அங்கேதான் காட்டிக்கொடுக்கும்.

சினிமாப் பாட்டுக்கு 45 சுற்று ஓடும் 7 அங்குல இபி நல்ல தேர்வு. ஒரு பக்கத்துக்கு 25 நிமிஷத்துக்கு மேல் திணித்த தொகுப்பு எல்பிகளில் பொதுவாக சத்தமும் பேஸும் குறையும். தமிழில் ஸ்டீரியோ ஒலிப்பதிவுக்குப் பெயர் வாங்கிய முதல் படம் 1978-இல் வந்த இளையராஜாவின் 'ப்ரியா'. ஒரு எச்சரிக்கை: லேபிளில் சவுண்ட் சர்வீஸ் முத்திரை இருந்தால் உஷார். அந்தத் தட்டு எத்தனை கல்யாண வீடு, எத்தனை திருவிழா பார்த்ததோ!

திருச்சியில் வாழ்ந்த எம்.கே. தியாகராஜ பாகவதர் காலத்துத் தட்டுகள் 78 சுற்று. அவை வினைல் இல்லை, அரக்குத் தட்டு, கீழே விழுந்தால் உடையும். பள்ளமும் அகலம். எல்பி முள்ளின் முனையைப் போல சுமார் நாலு மடங்கு பருத்த தனி முள் வேணும். இருக்கிற முள்ளிலேயே போட்டுப் பார்க்கலாம் என்று நினைக்காதீங்க.

போனி எம், அப்பா மாதிரி மேற்கத்திய பாப் தட்டுகளுக்கு இந்திய அச்சே பழைய கடைகளில் கிடைக்கும். நிலை நன்றாக இருந்தால் அதிலிருந்தே தொடங்குங்க. வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் தட்டின் விலையோடு கூரியர், கஸ்டம்ஸ் டியூட்டி, ஐஜிஎஸ்டி எல்லாம் சேரும்.

இப்போ கணக்குக்கு வருவோம்

நல்ல முள் சுமார் 500 மணி நேரம் உழைக்கும் என்று வைத்துக்கொள்வோம். ஒரு எல்பி 40 நிமிஷம் என்றால் 750 தடவை. முள் 3,000 ரூபாய் என்றால் ஒரு தடவைக்கு 4 ரூபாய். இந்த 4 ரூபாயை மிச்சம் பிடிக்கத்தான் நான் தாத்தாவின் தட்டைத் தேய்த்தேன்.

தட்டுக்கும் இதே கணக்குதான். 300 ரூபாய் தட்டை முப்பது தடவை கேட்டால், தடவைக்கு 10 ரூபாய். 4,000 ரூபாய் தட்டை ரெண்டே தடவை கேட்டால், தடவைக்கு 2,000. பட்ஜெட் 25,000 ரூபாய் என்றால் முக்கால் பங்கை பிளேயர், முள், ஸ்பீக்கருக்கு ஒதுக்குங்க. ஈஎம்ஐ வேண்டவே வேண்டாம். எஸ்ஐபி போன பிறகு மிஞ்சுவதில் வாங்குங்க.

'விலை ஏறும், இது இன்வெஸ்ட்மென்ட்' என்று யாராவது சொன்னால் சிரித்துக்கொண்டே நகர்ந்துடுங்க. வாடகையும் டிவிடெண்டும் தராத, அவசரத்துக்கு விற்க முடியாத பொருள் அது. சொந்த உபயோகத்துக்கு வைத்திருந்த தட்டை எப்போதாவது விற்றால் பொதுவாக மூலதன ஆதாய வரி வராது. ஆனால் வாங்கி விற்பதையே வழக்கமாகச் செய்தால் அது வியாபார வருமானம், கணக்கில் காட்டணும்.

காசு கொடுக்கும் முன்

• தட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்க. நகத்தில் தட்டுப்படும் கீறல் காதிலும் தட்டுப்படும்.
• நடு ஓட்டையைச் சுற்றி லேபிளில் கோடுகள் நிறைய இருந்தால், நிறையப் போட்ட தட்டு.
• லேபிள் ஓரத்து வெற்றிடத்தில் செதுக்கிய எண்ணைக் குறித்து, எந்த அச்சு என்று டிஸ்காக்ஸில் தேடுங்க. விற்ற விலையும் அங்கே தெரியும்.
• ஆன்லைனில் 'விஜி' என்றால் 'வெரி குட்' என்று நம்பாதீங்க. சரசரப்பு கட்டாயம் இருக்கும். 'விஜி பிளஸ்'ஸிலிருந்து பாருங்க.
• சென்னை போனால் சென்ட்ரல் பக்கத்து மூர் மார்க்கெட்டில் ஒரு மதியம் செலவிடுங்க. போட்டுக் காட்டச் சொல்லிக் கேளுங்க.
• வாங்கியதை நிமிர்த்தி அடுக்குங்க. திருச்சி மே மாச வெயிலில் காருக்குள் விட்டால் தட்டு அப்பளம்தான்.

எல்லாவற்றுக்கும் முன்னால், ஊருக்குப் போகும்போது பரணைப் பாருங்க. பெட்டி கிடைத்தால் பழைய பேப்பர் கடைக்கும் போடாதீங்க, சூட்கேஸ் பிளேயரிலும் போடாதீங்க.

சுப்ரபாதத்துக்கு வேறொரு நல்ல பிரதி 350 ரூபாய்க்குக் கிடைத்தது. அருமையாகக் கேட்கிறது. தாத்தா தேதி எழுதிய உறைக்குள் அதைத்தான் வைத்திருக்கிறேன். தேய்ந்த தட்டும் பக்கத்திலேயே இருக்கு, தூக்கிப் போட மனசு வரல.