ரோஸ் மெழுகுவர்த்தியும் சிறைக் கடிதமும்

திருவருகைக் கால வளையத்தில் நாலு மெழுகுவர்த்தி இருக்கும். மூன்று ஊதா, ஒன்று ரோஸ். மூன்றாம் ஞாயிறு அந்த ரோஸை ஏற்றுவார்கள். சில கோயில்களில் சாமியாரும் அன்று ரோஸ் நிறத் திருவுடையில் வருவார். சின்ன வயசிலிருந்து பார்த்துப் பழகினதுதான். ஆனால் அம்மா தவறின வருஷம், அடக்கம் முடிஞ்சு ஒரு மாசம்கூட ஆகாத நேரத்தில், "இன்று மகிழ்ச்சி ஞாயிறு" என்று பூசையில் அறிவிச்சப்போ எனக்குக் கோபம்தான் வந்தது. சந்தோஷப்படுன்னு ஒருத்தருக்கு ஆர்டர் போட முடியுமா? அந்தக் கேள்வியோடு படிக்க ஆரம்பிச்சதன் குறிப்புகள் இவை.

அது நிஜமாகவே ஆர்டர்தான். அந்த ஞாயிறின் லத்தீன் பெயர் 'கௌதேத்தே'. ஏவல் வினை, அதுவும் பன்மை: மகிழுங்கள். அன்றைய பூசையின் வருகைப் பல்லவி அந்தச் சொல்லோடுதான் தொடங்கும். எடுத்தது பவுல் பிலிப்பியருக்கு எழுதின கடிதம் 4-ஆம் அதிகாரத்திலிருந்து. திருவருகைக் காலம் ஒரு காலத்தில் நோன்புக் காலமாக இருந்தது. பிரான்ஸ் பக்கம் நவம்பர் 11, புனித மார்ட்டின் திருநாளிலிருந்தே தொடங்கிவிடுவார்களாம். இன்றைக்கும் இந்த வாரங்களின் ஞாயிறுகளில் வானவர் கீதம் கிடையாது. இத்தனை கட்டுப்பாட்டுக்கு நடுவே கொஞ்சம் மூச்சு விட ஒரு நாள், அதனால் ஊதா வெளுத்து ரோஸ் ஆச்சு என்பதுதான் வழக்கமான விளக்கம். (வளையம் ரொம்பப் பிந்தின வழக்கம். 1839-இல் ஹாம்பர்க்கில் விக்கெர்ன் என்ற லுத்தரன் போதகர் ஏழைப் பிள்ளைகளுக்காக வண்டிச் சக்கரத்தில் மெழுகுவர்த்தி ஏற்றினதில் தொடங்கியது. அதில் ரோஸே இல்லை; சிவப்பும் வெள்ளையும்தான்.)

இன்டர்வெல் மாதிரி ஒரு நாள் என்ற அந்த விளக்கம் எனக்குப் போதலை. கடிதத்தையே முழுசாகப் படிச்சேன். மொத்தம் 104 வசனம், அரை மணி நேரத்தில் முடிஞ்சுடும். கிரேக்க மூலத்தில் மகிழ்ச்சியைக் குறிக்கும் சொற்களை எண்ணினேன் (தொழில் புத்தி, வேறென்ன): பெயர்ச்சொல் 5, வினை 9, 'சேர்ந்து மகிழ்வது' 2. ஆக 16. பழைய மொழிபெயர்ப்பில் 'சந்தோஷம்', பொது மொழிபெயர்ப்பில் 'மகிழ்ச்சி'. இதை எழுதும்போது பவுல் சிறையில் இருக்கிறார். ரோமா, எபேசுவா என்று அறிஞர்களுக்குள் விவாதம் உண்டு. விலங்கு போட்டிருந்தது என்பதில் விவாதம் இல்லை, அவரே சொல்கிறார்.

என்னை நிறுத்தினது 2:27. பிலிப்பியிலிருந்து உதவி கொண்டுவந்த எப்பப்பிரோதீத்து சாகும் நிலைக்குப் போய்ப் பிழைக்கிறார். கடவுள் அவர்மேல் இரக்கம் வைத்தார், எனக்குத் துயரத்துக்குமேல் துயரம் வராதபடி என்மேலும் இரக்கம் வைத்தார் என்கிறார் பவுல். அப்படியென்றால் ஏற்கனவே ஒரு துயரம் இருக்கு, அவர் அதை மறைக்கவும் இல்லை. 3:18-இல் கண்ணீரோடு சொல்கிறேன் என்கிறார். மகிழுங்கள் என்று சொல்கிற ஆள் அழுதுகொண்டும் இருக்கிறார், ஒரே கடிதத்தில். அழுகையை நிறுத்திட்டு வா என்று அந்த ஆர்டர் சொல்லவில்லை. இத்தனை வருஷமாக நான்தான் அப்படிக் கேட்டிருக்கிறேன்.

வாசகங்கள் மூன்று வருஷத்துக்கு ஒருமுறை சுற்றி வரும். முதல் வருஷம் இந்த ஞாயிறுக்கு நற்செய்தி மத்தேயு 11. அதிலும் சிறைதான்! ஏரோது அடைத்த திருமுழுக்கு யோவான், வரவேண்டியவர் நீர்தானா, இல்லை வேறொருவருக்காகக் காத்திருக்கணுமா என்று ஆள் அனுப்பிக் கேட்கிறார். லூக்கா நற்செய்தியில் தாய் வயிற்றிலேயே மகிழ்ச்சியால் துள்ளின அதே யோவான். பதிலாக இயேசு ஒரு பட்டியல் தருகிறார்: பார்வையற்றோர் பார்க்கிறார்கள், கால் ஊனமுற்றோர் நடக்கிறார்கள், தொழுநோயாளர் குணமாகிறார்கள் என்று போகும். எசாயா சொன்னவைதான் பெரும்பாலும். ஆனால் எசாயா 61-இல் உள்ள ஒன்று மட்டும் விட்டுப்போயிருக்கு: சிறைப்பட்டோருக்கு விடுதலை. யோவான் அதைக் கவனிக்காமல் இருந்திருப்பாரா? அவர் வெளியே வரவே இல்லை. மக்கேருஸ் கோட்டையில் கொல்லப்பட்டார் என்கிறார் வரலாற்றாசிரியர் ஜோசபஸ். இந்த வாசகத்தைப் போய் மகிழ்ச்சி ஞாயிறுக்கு வைத்தவர்கள் துக்கம் தெரியாதவர்களாக இருக்க முடியாது.

போன்ஹோஃபர் 1943 நவம்பரில் பெர்லினின் டேகல் சிறையிலிருந்து நண்பருக்கு எழுதின கடிதத்தில், சிறை அறையும் திருவருகைக் காலமும் ஒன்றுபோலத்தான், கதவு வெளியிலிருந்துதான் திறக்கும் என்ற பொருளில் சொல்கிறார். உள்ளே இருக்கிறவர் மகிழ்ச்சியைத் தானே தயாரிக்க வேண்டியதில்லை என்று நான் இதை எடுத்துக்கொள்கிறேன். இறையியல் படித்தவர்கள் திருத்தலாம்.

அந்த வருஷம் நாலாம் ஞாயிறு சாயங்காலம் அப்பாவுக்கு 2:27-ஐ வாசிச்சுக் காட்டினேன். "பவுலே அப்படிச் சொல்லியிருக்காரா?" என்று கேட்டார். கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, புத்தகத்தை வாங்கி அவரே இன்னொரு தடவை வாசிச்சார்.