'ஜிங்கோ': ஒரு சொல்லும் ஒரு துறைமுகமும்

'ஜிங்கோ' என்னும் ஆங்கிலச் சொல்லை 'நாட்டுப்பற்றாளர்' எனப் பெயர்த்தல் பொருந்துமா? 1878இல், ருசியாவுக்கு எதிராகப் பிரித்தானியா போரிடவேண்டும் என்ற ஆரவாரம் எழுந்தவேளை, இலண்டன் இசைக்கூடப் பாடலொன்றின் வழி இச்சொல் அரசியற் பொருள் பெற்றது. கப்பலும் ஆளும் பணமும் தம்மிடம் உண்டென்பதே அப்பாடலின் பெருமை. அதனைப் பாடித் திரிந்தோரை எள்ளி, ஹோலியோக் என்பார் இப்பெயரை வழங்கினார்.

அக்கப்பல்களின் தளங்களுள் ஒன்று நமது திருகோணமலை. 1795இல் ஒல்லாந்தரிடமிருந்து கைப்பற்றப்பட்ட இத்துறைமுகம், சுதந்திரத்தின் பின்னரும் 1957 வரை பிரித்தானியரின் கடற்படைத் தளமாயிருந்தது. 1942 ஏப்ரல் 9இல் யப்பானிய விமானங்கள் இதன்மீது குண்டு பொழிந்தன. அன்றே 'ஹேர்மிஸ்' என்னும் விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக் கடலில் முந்நூறுக்கு மேற்பட்ட உயிர்களுடன் மூழ்கியது. பாடலிற் பெருமை பேசப்பட்ட கப்பலும் ஆளும் இவ்வாறே அழிந்தன.

தமிழ்ப் புறத்திணை மரபு 'நெடுமொழி' என ஒன்றைக் கூறும். அது வீரன் தன் ஆற்றலைத் தானே எடுத்துரைப்பது. உரைத்தவனே களத்தில் நிற்பான். ஜிங்கோவோ பிறர் உயிரை முதலாக வைத்துப் பேசுபவன். ஆதலின் 'போர்வீம்பர்' என்பதே ஏற்ற பெயர்ப்பென்பது எமது கருத்து. பற்றையும் வீம்பையும் ஒரே சொல்லாற் சுட்டின், வீம்பின் விலையைச் செலுத்துவோர் யாரென்பது மறைந்துவிடும்.