லண்டனுக்கு ஒரு தூண், நமக்கு ஒரு பெயர்: பயணக் கட்டுரைக்காகக் கோலாலம்பூரில் ஒரு நடை



‘நீ சென்று வந்த வரலாற்றுச் சிறப்புமிக்க நகரம் ஒன்றைப் பற்றிக் கட்டுரை எழுதுக’ என்று வகுப்பில் ஒரு தலைப்பைக் கொடுத்துப் பாருங்கள். பாதிப் பேர் உடனே லண்டனுக்குப் பறந்துவிடுவார்கள். மீதிப் பேர் பாரிஸ். பாஸ்போர்ட்டே எடுக்காத பிள்ளைகள்! ‘வானளாவிய கட்டடங்களைக் கண்டு வியந்தேன், என் உள்ளம் உவகை கொண்டது, இப்பயணம் பசுமரத்தாணி போல் பதிந்தது’ என்று மூன்று பக்கம் ஓடும். ஒரு முறை நான் திருத்திய தாளில் ஈபிள் கோபுரம் தேம்ஸ் நதிக்கரையில் நின்றது. சிரித்துவிட்டேன். பிறகுதான் நினைவு வந்தது, அந்த மாணவனின் வீடு பிரிக்பீல்ட்ஸில்.

“ஏன்பா, நம்ம ஊரைப் பத்தி எழுதலாமே?” என்று கேட்டேன்.

“இங்க என்ன இருக்கு டீச்சர்? கடையும் ஜாமும்தான்.”

அவனுக்கு அன்று சரியான பதில் சொல்ல எனக்கு வரவில்லை. இந்தக் கட்டுரை அந்தப் பதில்தான். கொஞ்சம் தாமதம், அவ்வளவே.

முதலில் அவனுக்குப் பிடித்த லண்டனுக்கே போவோம். 1666 செப்டம்பர் 2ஆம் நாள் விடியுமுன், புட்டிங் லேன் என்ற சந்தில் ஒரு ரொட்டிக் கடையில் தீப்பிடித்தது. மர வீடுகள், குறுகிய தெருக்கள், நல்ல காற்று. சில நாள்களில் 13,000க்கும் மேற்பட்ட வீடுகள் சாம்பல். அடுத்த ஆண்டே ஒரு சட்டம் வந்தது: இனி வீடுகளைச் செங்கல்லாலோ கல்லாலோதான் கட்ட வேண்டும். அந்தத் தீயின் நினைவாக லண்டனில் ஒரு தூணை எழுப்பினார்கள். ஏறக்குறைய 61 மீட்டர் உயரம், 311 படிகள். இன்றும் சுற்றுப்பயணிகள் காசு கொடுத்து மூச்சு வாங்க ஏறுகிறார்கள்.

இப்போது கோலாலம்பூருக்கு வாங்க. 1881இல் நம் ஊர் இரண்டு அடி வாங்கியது. ஆண்டின் தொடக்கத்தில் தீ, ஆண்டின் இறுதியில் வெள்ளம். அத்தாப்புக் கூரையும் மரச் சுவருமாக நெருக்கியடித்து நின்ற ஊர் அது. எரிய எத்தனை நேரம் ஆகும்? 1882இல் சிலாங்கூர் ரெசிடெண்டாக வந்த பிராங்க் சுவெட்டன்ஹாம், கட்டடங்கள் செங்கல்லும் ஓடுமாக மாற வேண்டும் என்று கட்டளையிட்டார். செங்கல்லுக்கு மண் வேண்டும், சூளை வேண்டும், இடம் வேண்டும். ஊருக்குத் தெற்கே, களிமண் கிடைத்த ஓர் இடத்தில் கப்பித்தான் யாப் ஆ லோய் சூளைகளுக்கு ஏற்பாடு செய்தார். அந்த இடத்தின் பெயர்தான் பிரிக்பீல்ட்ஸ். தமிழில் சொன்னால் செங்கல் வயல்.

லண்டன் தன் தீயை நினைவில் வைக்கத் தூண் கட்டியது. நாம் தூண் எதுவும் கட்டவில்லை. ஆனால் அந்தத் தீயின் நினைவு பஸ் பலகையிலும் வீட்டு முகவரியிலும் தினமும் நம் வாயில் வருகிறது. என் மாணவன் ‘ஒன்றுமில்லை’ என்று சொன்னது இந்த இடத்தைத்தான்.

அதனால்தான் சொல்கிறேன், கோலாலம்பூரைச் சுற்றிப் பார்க்க விரும்பினால் இரட்டைக் கோபுரத்திலோ மெர்டேக்கா சதுக்கத்திலோ தொடங்காதீர்கள். பிரிக்பீல்ட்ஸில் தொடங்குங்கள். செங்கல் எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிட்டு, அது என்ன ஆனது என்று பார்க்கப் போகலாம்.

காலை ஏழரைக்கு கேஎல் சென்ட்ரலில் கூடுங்கள். வெயில் ஏறுவதற்குள் பாதி வேலை முடிந்துவிடும். 2001இல் திறக்கப்பட்ட இந்த நிலையம் நிற்கும் இடமே பழைய ரயில்வே யார்டு. சூளைகளுக்குப் பிறகு பிரிக்பீல்ட்ஸை வளர்த்தது ரயில்வேதான். தண்டவாளம் போட்ட தமிழ்த் தொழிலாளர்கள், அலுவலகங்களில் கணக்கு எழுதிய யாழ்ப்பாணத் தமிழர்கள், பட்டறையில் வேலை செய்தவர்கள் என்று இங்கே குடியேறியவர்களால்தான் இது தமிழர் வட்டாரமானது. 2010இல் ‘லிட்டில் இந்தியா’ என்று வளைவும் வண்ணமும் வைத்தது நேற்றைய கதை.

ஜாலான் ரொசாரியோ, ஜாலான் சான் ஆ தோங் பக்கம் நடந்து பாருங்கள். ரயில்வே ஊழியர்களுக்காகக் கட்டிய ‘ஹண்ட்ரட் குவாட்டர்ஸ்’ வரிசை வீடுகள் இங்கே ஏறக்குறைய நூறாண்டு இருந்தன. பெரும்பகுதி இடிக்கப்பட்டுவிட்டது. ‘இங்கே என்ன பார்ப்பது?’ என்று மாணவர் கேட்கலாம். பார்க்க ஒன்றும் இல்லை என்பதையே குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். பிறகு வீட்டுக்குப் போய்த் தாத்தா பாட்டியிடம் கேட்கட்டும்: அங்கே யார் இருந்தாங்க? வாசல் எப்படி இருந்தது? மாலையில் பிள்ளைங்க எங்கே விளையாடுவாங்க? அந்த வீடுகளில் வாழ்ந்தவர்கள் இன்று எழுபதைத் தாண்டியவர்கள். அவர்கள் சொல்வதை உங்கள் மாணவர் எழுதாவிட்டால் வேறு யார் எழுதப் போகிறார்கள்? லண்டனைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள்.

ஜாலான் துன் சம்பந்தனில் இருக்கும் விவேகானந்தா ஆசிரமத்தின் முன்னும் சற்று நில்லுங்கள். 1908இல் எழுந்த கட்டடம். 2014இல் அந்த நிலத்தில் அடுக்குமாடி வரப்போகிறது என்ற பேச்சு எழுந்தபோது மக்கள் எதிர்த்தார்கள். பின்னர் அது பாரம்பரியக் கட்டடமாக அரசிதழில் இடம்பெற்றது. ஒரே வட்டாரத்தில் ஒன்று போனது, ஒன்று நின்றது. கருத்துக் கட்டுரைக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வேண்டுமா?

அங்கிருந்து கேடிஎம்மில் ஒரே ஒரு நிறுத்தம், பழைய கோலாலம்பூர் ரயில் நிலையம். 1910இல் முடிந்தது. வடிவமைத்தவர் ஆர்தர் பெனிசன் ஹப்பாக். வெளியே வந்து ஆற்றைக் கடந்தால் பசார் செனி, அதைத் தாண்டி ஜாலான் துன் எச்.எஸ். லீ. அங்கே ஸ்ரீ மகா மாரியம்மன் கோயில். 1873இல் கா. தம்புசாமிப் பிள்ளை தொடங்கியது. 1885இல் இப்போதைய இடத்துக்கு வந்தது. தைப்பூசத்துக்குப் பத்துமலை போகும் வெள்ளி ரதம் புறப்படுவது இங்கிருந்துதான் என்று எல்லாருக்கும் தெரியும். ஆண்டைக் கொஞ்சம் கவனிக்கச் சொல்லுங்கள். 1873 என்றால் தீக்கு எட்டு ஆண்டு முன்பு. ஊர் எரியும் முன்பே இங்கே நமக்கு ஒரு கோயில் இருந்திருக்கிறது. தேதிகளை மனப்பாடம் செய்வதைவிட இப்படி ஒன்றோடொன்று ஒப்பிட்டால் மறக்காது.

அடுத்து மஸ்ஜிட் ஜாமெக். 1909இல் திறக்கப்பட்டது, இதுவும் ஹப்பாக்கின் கை. உள்ளே போவதாக இருந்தால் வெள்ளிக்கிழமையைத் தவிர்த்துவிடுங்கள், உடையிலும் கவனம் வேண்டும். ஆனால் நான் பிள்ளைகளை நிறுத்துவது பள்ளிவாசலுக்குப் பின்னால், கோம்பாக் ஆறும் கிள்ளான் ஆறும் சேரும் இடத்தில். குவாலா என்றால் ஆறுகள் கூடும் இடம், லும்பூர் என்றால் சேறு. தலைநகரத்தின் பெயருக்குப் பொருள் இந்தத் தண்ணீரின் நிறத்தில் இருக்கிறது. இங்கே ஐந்து நிமிடம் யாரும் பேசக் கூடாது, கேட்பதையும் நுகர்வதையும் மட்டும் எழுத வேண்டும் என்று சொல்லிப் பாருங்கள். பெரும்பாலான பயணக் கட்டுரைகளில் கண் மட்டும்தான் வேலை செய்யும். காதுக்கும் மூக்குக்கும் விடுமுறை!

பாலத்தைக் கடந்தால் சுல்தான் அப்துல் சமாட் கட்டடம். இங்கேதான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். 1894இல் தொடங்கி 1897இல் முடிந்தது. சுமார் 40 லட்சம் செங்கற்கள் என்று கணக்கு. (அத்தனையும் பிரிக்பீல்ட்ஸ் செங்கல்தான் என்று யாரும் அடித்து எழுதிவிடாதீர்கள். சூளை இங்கே இருந்தது, ஊர் செங்கல்லுக்கு மாறியது என்ற அளவில் நிறுத்திக்கொள்வதே அழகு.) ஏ.சி. நார்மன் முதலில் ஐரோப்பியப் பாணியில் வரைந்தார். அரசுப் பொறியாளர் ஸ்பூனருக்கு அது பிடிக்கவில்லை. அவர் இலங்கையில் வேலை பார்த்து வந்தவர். குவிமாடமும் குதிரைலாட வளைவுமாக மாற்றச் சொன்னார். சென்னை உயர்நீதிமன்றத்தைப் படத்தில் பார்த்தவர்களுக்கு இந்த முகம் பழக்கமாகத் தோன்றும். ஆங்கிலேயர் இந்தியாவில் கற்றுக்கொண்ட பாணியை மலாய் மாநிலத்துக்குக் கொண்டுவந்தார்கள். கட்டடத்துக்குப் பெயரோ, அன்று சிலாங்கூரை ஆண்ட சுல்தானுடையது.

மணிக்கூண்டின் உயரம் 41 மீட்டர். லண்டன் பாராளுமன்றக் கோபுரம் 96 மீட்டர், அதோடு போட்டி போட முடியாது. போகிற போக்கில் ஒன்று: பிக் பென் என்பது உள்ளே இருக்கும் பெரிய மணியின் பெயர். கோபுரத்தின் பெயர் 2012 முதல் எலிசபெத் கோபுரம். லண்டன் கட்டுரையை மனப்பாடம் செய்தவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் இது.

நம் மணி முதன்முதலில் ஒலித்தது 1897இல். எதற்காக? விக்டோரியா மகாராணி அரியணை ஏறி அறுபது ஆண்டு நிறைந்த விழாவுக்காக. அந்த மணிக்கூண்டுக்கு எதிரே உள்ள திடலில், 1957 ஆகஸ்ட் 30 நள்ளிரவு, ஆங்கிலேயரின் கொடி இறங்கியது. இடையில் எத்தனை ஆண்டு என்று மாணவரையே கழிக்கச் சொல்லுங்கள். மகாராணிக்குக் கொண்டாடிய அதே அறுபது. நான் முதன்முதலில் கழித்துப் பார்த்தபோது எனக்கே கொஞ்சம் சிலிர்த்தது.

எழுத்துக்கு வருவோம். ‘கம்பீரமான கட்டடத்தைக் கண்டு வியந்தேன்’ என்பதை எந்தக் கட்டடத்துக்கும் ஒட்டலாம். அதனால் அது எதற்கும் ஒட்டாது. ‘லண்டனில் இருந்த ஒரு மகாராணிக்காக முதலில் அடித்த மணி, அறுபது ஆண்டு கழித்து அவர் நாட்டுக் கொடி இறங்குவதைப் பார்த்தது’ என்று ஒரு மாணவர் எழுதினால், திருத்துபவர் கை ஒரு கணம் நிற்கும். அணியும் மரபுத்தொடரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. பார்த்ததை எழுதிய பிறகு, இடம் இருந்தால் அவை வரட்டும்.

தலைநகரம் என்றால் கோலாலம்பூர் மட்டும்தானா? 1880 வரை சிலாங்கூரின் நிர்வாகம் கிள்ளானில்தான் இருந்தது. அதன் பிறகே இங்கே மாறியது. 1896இல் கூட்டு மலாய் மாநிலங்களுக்கும் இதுவே தலைநகரானது. 1974இல் கோலாலம்பூர் கூட்டரசுப் பிரதேசம் ஆனதும் சிலாங்கூர் மீண்டும் கிள்ளானுக்குப் போய், சில ஆண்டுகள் அங்கே இருந்து, பிறகு ஷா ஆலாமில் நிலைத்தது. ஆகவே நேரம் இருந்தால் மதியம் கொமுட்டரில் கிள்ளானுக்குப் போங்கள். ஏறக்குறைய இதே தடத்தில் 1886இல் கோலாலம்பூரிலிருந்து புக்கிட் கூடா வரை முதல் ரயில் ஓடியது. ஆற்றைக் கடந்து கிள்ளானுக்குள் நுழைய 1890 ஆனது, பாலம் வேண்டுமே!

கிள்ளான் நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில் கெடோங் ராஜா அப்துல்லா இருக்கிறது. 1857இல் கட்டிய ஈயக் கிடங்கு, வீடும் அதுவே. உள்ளே அனுமதி உண்டா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். வெளியே நின்று பார்த்தாலும் போதும். ஏனென்றால், அதே 1857இல் இந்த ராஜா அப்துல்லா அனுப்பிய 87 சீனச் சுரங்கத் தொழிலாளர்கள்தான் கிள்ளான் ஆற்றில் எதிர்நீச்சலாகப் போய், காலையில் நாம் நின்றோமே, அந்த ஆற்றுக் கூடலில் இறங்கி, அம்பாங் காட்டுக்குள் நடந்தார்கள். ஒரு மாதத்துக்குள் காய்ச்சலில் 69 பேர் இறந்தார்கள். மிஞ்சியது 18 பேர். கோலாலம்பூர் அந்த 18 பேரில் இருந்து தொடங்குகிறது. காலையில் பார்த்த கட்டடங்கள் எல்லாம் இதற்குப் பிறகு வந்தவை என்று பிள்ளைகளுக்கு இங்கே நின்று சொன்னால், முகம் மாறுவதைப் பார்க்கலாம்.

பசித்திருப்பார்கள். தெங்கு கிளானா சாலையில் வாழை இலைச் சாப்பாடு கிடைக்கும், அதற்கும் நேரம் வைத்துக்கொள்ளுங்கள். குறிப்பேட்டில் எழுதியதை ரயிலில் திரும்பும்போதே ஒரு முறை படித்து, வாசிக்க முடியாத சொற்களை நேராக்கிவிடச் சொல்லுங்கள். மறுநாள் பார்த்தால் அவர்கள் கையெழுத்து அவர்களுக்கே புரியாது. முதல் வரைவைக் கைப்பேசி இல்லாமல், குறிப்பேட்டை மட்டும் வைத்து வகுப்பிலேயே எழுதட்டும். ஆண்டும் எண்ணும் சரியா என்று பார்ப்பது இரண்டாம் வரைவுக்கு.