சரக்கு வண்டியைத் தூக்கிக் கட்டுதல்

குள்ளஞ்சாவடி வட்டாரத்து முந்திரி விவசாயிகளும், குறிஞ்சிப்பாடிப் பக்கத்து நெசவாளர்களும் சரக்கை வெளியே கொண்டு செல்லுவதற்கு இன்று பெரும்பாலும் பிக்கப் வண்டிகளையே நம்பியிருக்கின்றனர். 2005ஆம் ஆண்டு வெளிவந்து, 'குட்டியானை' என்ற பெயரோடு ஊரெங்கும் பரவிய டாட்டா ஏஸ் வண்டியும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. மழைக்காலத்தில் தோப்பு வழிகளில் சக்கரத் தடம் ஆழமாகக் குழிந்து, நடுவில் எழும் மேடு வண்டியின் அடியில் உரசுகிறது. 2015 நவம்பர் வெள்ளத்தைக் கண்டவர்களுக்கு, வண்டி இன்னும் சற்று உயரமாக இருந்தால் நலம் என்று தோன்றுவதும் இயல்பே. இதனால் பட்டறைகளில் வண்டியைத் 'தூக்கிக் கட்டும்' வழக்கம் பெருகியிருக்கிறது. செலவு செய்யும் முன்பு, அந்த வேலை எதைத் தரும், எதைத் தராது என்பதை அங்கத்தினர்கள் அறிந்துகொள்ள வேண்டும்.

இவ்வகை வண்டிகளின் பின்புறத்தில் எஃகுப் பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்ட ஸ்பிரிங் கட்டு இருக்கிறது. நீளமான மெயின் பட்டையின் இரு முனைகளும் சேசிஸுடன் இணைந்திருக்கும். நடுப்பாகம் யூ போல்ட்டுகளால் அச்சோடு இறுக்கப்பட்டிருக்கும். உயர்த்துவதற்கு இரண்டு வழிகளைக் கையாளுகின்றனர். ஒன்று, அச்சுக்கும் பட்டைக் கட்டுக்கும் இடையே இரும்புக் கட்டை வைத்தல். மற்றொன்று, கூடுதல் பட்டை சேர்த்தல் அல்லது பழைய பட்டைகளை அதிகமாக வளைத்தல்.

கட்டை வைக்கும் வேலை பார்ப்பதற்கு எளிது. சமதளத்தில் வண்டியை நிறுத்தி, முன் சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்து, பின்புறத்தை ஜாக்கியால் தூக்கிச் சேசிஸின் அடியில் உறுதியான தாங்கிகளை நிறுத்துவர். (ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுப்பது உயிரோடு விளையாடுவதாகும்.) ஷாக் அப்சார்பரின் கீழ் முனையைக் கழற்றி, யூ போல்ட்டுகளை நீக்கி, அச்சைத் தாழ்த்திக் கட்டையைச் செருகுவர். சென்டர் போல்ட்டின் தலை கட்டையின் குழியிலும், கட்டையின் முளை அச்சின் குழியிலும் சரியாக அமர வேண்டும். பிறகு நீளம் கூடிய புதிய யூ போல்ட்டுகளைப் போட வேண்டும். ஒருமுறை முறுக்கிக் கழற்றிய பழையவற்றைத் திரும்பப் போடுதல் கூடாது. கட்டையின் மேல் கட்டை அடுக்குவதும், முன் அச்சில் கட்டை வைப்பதும் அறவே தவிர்க்கத்தக்கவை. சில நூறு கிலோமீட்டர் ஓடிய பின் போல்ட்டுகளை மறுபடி இறுக்கவும் வேண்டும்.

இவ்வளவும் செய்த பின் உயர்ந்தது எது? சேசிஸும் அதன்மேல் உள்ள தொட்டியுமே உயர்ந்தன. அச்சு உயரவில்லை. வண்டியின் அடியில் மிகத் தாழ்வாக இருப்பது பின் அச்சின் நடுவே பருத்திருக்கும் டிஃபரன்ஷியல் ஆகும். தோப்பு வழியின் நடுமேடு பெரும்பாலும் அதில்தான் தட்டுகிறது. அது தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்பதைச் சக்கரத்தின் அளவே தீர்மானிக்கிறது. மேலே எத்தனை கட்டை வைத்தாலும் அந்த உயரம் ஒரு விரற்கடை கூடக் கூடாது. ஆக, எக்குறைக்காகப் பணம் செலவிடப்பட்டதோ, அக்குறை அப்படியே நிற்கிறது. பெரிய டயர் போட்டால் அச்சு உயரும் என்பது உண்மை. ஆனால் எஞ்சினுக்கும் பிரேக்குக்கும் பளு கூடும். வேகங்காட்டி உண்மையான வேகத்தைக் குறைத்துக் காட்டும்.

இனி, கெடுவது யாது என்று பார்ப்போம். பல சரக்கு வண்டிகளில் சேசிஸுக்கும் பின் அச்சுக்கும் இடையே ஒரு சிறு கம்பியால் இணைக்கப்பட்ட பிரேக் வால்வு உண்டு. சுமை ஏறித் தொட்டி தாழ்ந்தால், அந்த வால்வு பின் பிரேக்குக்கு அதிக அழுத்தத்தை அனுப்பும். காலி வண்டியில் அழுத்தத்தைக் குறைக்கும். வண்டியைத் தூக்கிக் கட்டிவிட்டுக் கம்பியைத் திருத்தாமல் விட்டால், முழுச் சுமை ஏறியிருக்கும்போதும் வண்டி காலியாக இருப்பதாகவே வால்வு கொள்ளும். வடலூர் சாலையில் பலாப்பழப் பாரத்தோடு திடீரென்று நிறுத்த நேர்ந்தால், பின் சக்கரங்கள் தம் பங்கைச் செய்யாமல், வண்டி நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போகும். பட்டறையில் இதை எவரும் சொல்லுவதில்லை. இதுவன்றி, பிரேக் குழாய் இழுபடும். புரோபெல்லர் ஷாஃப்ட்டின் கோணம் மாறி அதன் கிராஸ் விரைவில் தேயும். முன்புறத்தையும் உயர்த்தினால் ஸ்டீயரிங் இணைப்புகளின் கோணமும் மாறும்.

கவிழும் அபாயமும் கூடுகிறது. இரு சக்கரங்களுக்கிடையே 140 சென்டிமீட்டர் அகலமும், சுமையோடு சேர்ந்த எடையின் மையம் 100 சென்டிமீட்டர் உயரத்திலும் உள்ள ஒரு வண்டியைக் கொள்வோம். அந்த மையம் 10 சென்டிமீட்டர் உயர்ந்தால், கவிழாமல் தாங்கும் திறனில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு போய்விடும். நம் சுமைகளோ முன்பே உயரமானவை. பலாவைக் குவியலாகவும், லுங்கிக் கட்டுகளை ஆளுயரத்துக்கும் ஏற்றுகிறோம். அதன்மேல் கூலியாட்களும் அமருகின்றனர்.

கூடுதல் பட்டை போட்டால் கூடுதல் பாரம் ஏற்றலாம் என்பது மற்றொரு தவறான நம்பிக்கை. பட்டையின் விறைப்பு அதன் கனத்தின் முப்படியைப் பொறுத்தது. 6 மில்லிமீட்டர்ப் பட்டையினும் 8 மில்லிமீட்டர்ப் பட்டை இரண்டேகால் மடங்குக்கும் மேல் விறைப்பானது. ஸ்பிரிங் வளைய மறுத்தால் குழியின் அதிர்ச்சி முழுவதும் சேசிஸைச் சேரும். அச்சும் பிரேக்கும் டயரும் பழைய பாரத்துக்கே அமைந்தவை. பதிவுச் சான்றில் குறித்த எடைக்கு மேல் ஏற்றினால், 2019ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டப்படி 20,000 ரூபாயும், மிகையான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம் உண்டு.

சட்டம் மாற்றங்களையும் கட்டுப்படுத்துகிறது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறுபடும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் கேரளத்திலிருந்து வந்த வழக்கொன்றில் இதை வலியுறுத்தியது. அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். விபத்து நேர்ந்தால் இன்ஷூரன்ஸ் கம்பெனி இதையே காரணம் காட்டி வழக்காட இடமுண்டு. கடன் தீராத வண்டியானால், வண்டி போன பின்பும் தவணை நிற்பதில்லை.

உயர்த்த எண்ணுபவர் முதலில் ஒரு காரியம் செய்யலாம். காலி வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்தின் நடுவிலிருந்தும் மட்கார்டின் விளிம்பு வரை அளந்து குறித்துக்கொள்ளவும். அதே இனத்தைச் சேர்ந்த புதிய வண்டி ஒன்றையும் அவ்வாறே அளக்கவும். இடமும் வலமும் வேறுபட்டாலோ, புதியதைவிட நம் வண்டி தாழ்ந்திருந்தாலோ, பட்டை சோர்ந்துவிட்டது அல்லது உடைந்துவிட்டது என்று பொருள். தூக்கிக் கட்டச் சொல்லுவோரில் பலருடைய வண்டிக்குத் தேவைப்படுவது இந்தப் பழுதுபார்த்தல்தான். தயாரிப்பாளர் குறித்த அளவிலேயே புதிய பட்டைகளும், புஷ்களும், ஷாக் அப்சார்பர்களும் மாற்றினால் இழந்த உயரம் திரும்பும். அதற்கு எவருடைய அனுமதியும் வேண்டியதில்லை. இரு பக்கத்தையும் ஒருங்கே மாற்ற வேண்டும். அளவு சரியாக இருந்தும் நடுமேடு தட்டுமானால், வண்டியில் குறை இல்லை. அந்தத் தோப்பு வழியைப் பயன்படுத்துவோர் கூடி, மழைக்கு முன் இரண்டு டிராக்டர் சரளை கொட்டித் தடத்தை நிரப்புவதே பொருத்தம்.

தவணைக் கொள்முதல் ஒப்பந்தத்தில் எடுத்த வண்டியை வைத்திருப்பவர், பதிவு உரிமையாளரின் எழுத்து மூலமான சம்மதமின்றி எந்த மாற்றமும் செய்தல் கூடாது என்பதும் 52ஆம் பிரிவிலேயே கூறப்பட்டிருக்கிறது.